தம்பியின் காப்புறுதி

1

"நாய்க்குக்கூட இன்சூரன்ஸ் போடுகிற ஊராமே அது, உண்மையா?" என்று காரைக்குடியிலிருந்து என் அண்ணன் கேட்டு எழுதியிருக்கிறார். போன கடிதத்தில் என் அலுவலக வேலையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதை அவர் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறார். அங்கே மனிதர்களுக்கே இல்லாதது இங்கே நாய்க்கு இருக்கிறதா என்று எல்லோரும் சிரித்தார்களாம்.

உண்மைதான். இந்த மாதத் தொடக்கத்தில் நான் அந்தக் கடிதங்களைத்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஈப்போவில் ஓர் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கிளையில் எனக்குக் குமாஸ்தா வேலை. இங்கே இன்சூரன்ஸைக் காப்புறுதி என்பார்கள். தீ, கார், லாரி, கடைச் சரக்கு என்று பல பிரிவுகள். கடைசியில் நாய்களுக்கென்று ஒரு சின்னப் பிரிவு, பச்சை அலமாரியில் ஒரே ஒரு தட்டு. ஆண்டுக்கு ஒருமுறை அந்த நாய்களின் சொந்தக்காரர்களுக்கு, 'பிரீமியம் உயர்ந்திருக்கிறது, வருந்துகிறோம்' என்று எழுத வேண்டும். நான் வேலையில் சேர்ந்த பிறகு அது உயராத ஆண்டு இல்லை. நாங்கள் வருந்தாத ஆண்டும் இல்லை.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து என் கணவரோடு பஸ்ஸில் ஈப்போவுக்கு வந்து இந்த ஐப்பசியோடு பதினாலு வருஷம் ஆகிறது. நாய்க் கடிதங்களும் ஐப்பசியில்தான் வரும். அதனால் இரண்டும் எனக்குள் ஒன்றாகிவிட்டன. கடிதத்தை எந்திரத்தில் செருகும்போதெல்லாம், இந்த ஊர் எனக்கு என்ன செய்திருக்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பார்ப்பேன். அண்ணனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஒரு நாயையும் அதன் வீட்டாரையும் பற்றிச் சொன்னால்தான் புரியும்.

2

வந்த புதிதில் எனக்கு இங்குள்ள தமிழே பாதி விளங்கவில்லை. காலை உணவுக்குப் பசியாறுதல் என்று பெயர். "பசியாறிட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டார் கேட்டபோது, நான் பட்டினி கிடப்பது போலத் தெரிகிறதோ என்று கண்ணாடியில் முகம் பார்த்தேன்.

அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே அதைவிடப் பெரிய தவறு செய்தேன். இங்கே டாலரை வெள்ளி என்பார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ஒரு லாரிக்காரர், "இன்னும் மூணு வெள்ளி கட்டணும்லா?" என்று கேட்டார். மூன்று வெள்ளிக்கிழமைகள் வந்து கட்ட வேண்டும் என்கிறார் என்று நினைத்து, காலண்டரைப் பார்த்து மூன்று தேதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய், முதல் வெள்ளிக்கிழமை சரியாக வந்து நின்றார். விஷயம் தெரிந்தபோது கோபப்படவில்லை. "ஊர்லருந்து இப்பத்தான் வந்திருக்கீங்க போல," என்று மட்டும் சொன்னார்.

காரைக்குடியில் தட்டச்சு கற்றிருந்ததால் கிடைத்த வேலை அது. ஆனால் முன்பே இங்கே வந்துவிட்ட என் கணவரைப் போல எனக்கு நிரந்தர அனுமதி இல்லை, தற்காலிக அனுமதிதான். ஆண்டுதோறும் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மேனேஜர், 'இவர் எங்களுக்குத் தேவை' என்று ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். எங்கள் மேனேஜர் லியோங் ஒரு சீனர், அதிகம் பேசாதவர். அவர் கையெழுத்து விழும் வரைக்கும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு இரண்டு வாரம் சோறு இறங்காது. நிரந்தரமாகத் தங்குவதற்குப் போட்ட விண்ணப்பம் வேறொரு அலுவலகத்தில், எந்தக் கோப்புக்கு அடியிலோ கிடந்தது. ஒவ்வொரு முறை போய்க் கேட்கும்போதும் ஒரு புதிய பாரத்தை, அதாவது நிரப்ப வேண்டிய படிவத்தை, கொடுத்து அனுப்பினார்கள்.

மகள் வள்ளி இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் மலாய், தோழிகளோடு இங்கிலீஷ். என்னோடு பேசுவது தமிழ்தான், ஆனால் வரவர ஒற்றை வார்த்தையாகிவிட்டது. என் அண்ணனுக்கு இரண்டு வரி எழுது என்றால் தலைவலி வந்துவிடும். ஒருநாள், "உங்க ஊருக்கு எப்பம்மா போறீங்க?" என்று கேட்டாள். நம்ம ஊர் என்று சொல் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பிடிவாதம் இல்லை. உண்மையாகவே அவளுக்கு அந்தச் சொல்லின் பொருள் விளங்கவில்லை.

3

நாய்க் காப்புறுதி இங்கே வந்தது வெள்ளைக்காரத் துரைமார்களால். ரப்பர்த் தோட்டங்களில் மேனேஜர்களாக இருந்தவர்கள் சீமையிலிருந்து விலை உயர்ந்த நாய்களை வரவழைத்தார்கள். பாம்பு கடித்தோ காய்ச்சல் வந்தோ நாய் போனால் நஷ்டம் ஆகக் கூடாது என்று காப்புறுதி செய்தார்கள். பிறகு ஈயச் சுரங்கங்களும், ஜெலாப்பாங் பக்கம் வந்த தொழிற்சாலைகளும் காவல் நாய்களுக்குச் செய்தன. திருடர்கள் விஷம் வைத்த நாய்களுக்கும், லாரியில் அடிபட்ட நாய்களுக்கும் பணம் கொடுத்துக் கொடுத்து நிறுவனத்துக்குக் கை கடித்தது. மருந்து வெளிநாட்டிலிருந்து வந்தது, மிருக வைத்தியர்களின் கட்டணமும் ஏறியது. அதனால் ஆண்டுதோறும் பிரீமியம் ஏறியது. நாய்க்கு வயது கூடக்கூட அதற்கும் தனியாக ஏற்றினார்கள். தொழிற்சாலைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். துரைமார்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிவிட்டார்கள்.

அந்தப் பச்சை அலமாரித் தட்டில் ஒரே ஒரு கோப்பு மட்டும் துரையுடையதும் இல்லை, தொழிற்சாலையுடையதும் இல்லை. அதில் நாயின் பெயர் என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதியிருந்தது. சொந்தக்காரர் பெயர் ராமையா. முகவரி, சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டம், நாலாவது லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை.

ராமையா அந்தத் தோட்டத்தில் ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். ஒரு நாள் திராவக ஜாடி உடைந்து முகத்தில் தெறித்தது. இரண்டு கண்களும் போயின. தோட்டம் கைமாறுவதற்கு முன்பு, ஊருக்குப் புறப்பட்ட துரை, தன் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் ஆண்டுக் காப்புறுதியையும் அவரே கட்டினார். கண்ணுக்கு ஈடாக அதைக் கொடுத்தாரா, நல்ல மனசில் கொடுத்தாரா என்று ராமையாவுக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்தக் குட்டியைத் தன் தம்பி என்றே கூப்பிட்டு, தானே பழக்கினார். படி வந்தால் நிற்க, கால்வாய் வந்தால் குறுக்கே மறிக்க, வண்டி வந்தால் பின்னால் தள்ள. யாரும் அவருக்கு இப்படிப் பழக்கலாம் என்று சொல்லித் தரவில்லை.

துரை போன பிறகு பிரீமியத்தைக் கட்டியவர் ராமையாவின் மனைவி அஞ்சலை. ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் கடிதம் போன மறுவாரமே பஸ்ஸேறி வருவார். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடமே படித்துக் காட்டச் சொல்வார். பதினெட்டு வெள்ளியாக இருந்தது இருபத்தாறாகி முப்பதைத் தாண்டியது. நான் கூச்சத்தோடு தொகையைச் சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். தோட்டத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். அதனால் நான் அவருக்குக் கிராணியம்மா. எனக்கு அவர் அஞ்சலை அக்கா.

4

மூன்று வருஷத்துக்கு முன்பு அந்தத் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. லயத்துக் குடும்பங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அஞ்சலை அக்காவும் ராமையாவும் புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. சந்தையில் பார்த்தபோது அக்காவே அதைச் சொன்னார். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றும், அதற்கு அருகிலேயே ஒரு பிரம்பு நாற்காலிப் பட்டறையில் ராமையாவையும் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் சொன்னார். தம்பிதான் அவரைப் பஸ் நிறுத்தம் வரை கூட்டிக்கொண்டு போய், பஸ்ஸிலும் கூடவே ஏறியது. கண்டக்டர்கள் முதலில் மறுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கூடையில் மீன் இருந்ததால் சீக்கிரம் விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டேன். கோப்பில் முகவரியை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை மறந்துவிட்டேன்.

அந்த ஐப்பசியில் புதிய தொகை நாற்பத்தொன்று. கடிதம் பழைய லயத்து முகவரிக்கே போனது. சில வாரத்தில், குடி பெயர்ந்துவிட்டார் என்று மலாயில் முத்திரை குத்தித் திரும்பி வந்தது. அதை வாங்கியதும் நான்தான். அஞ்சலை அக்கா வீட்டுக்கு நடந்து போய்க் கொடுத்தால் பத்து நிமிஷம். அன்றைக்கு வள்ளிக்குக் காய்ச்சல். நாளைக்குப் பார்க்கலாம் என்று மேசை இழுப்பறையில் போட்டேன். அதன் மேல் வேறு தாள்கள் விழுந்தன. தவணை நாள் தாண்டி, பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் காலாவதி என்று எழுதியதும் நான்தான். ஒரே நாளில் இருபது முப்பது பெயர்களுக்கு எழுதுவோம். பெயரைப் பார்க்காமலே எழுதியிருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் அஞ்சலை அக்கா வந்தார். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாகச் சுற்றிய பாலிசி. முந்தின நாள் மாலை புந்தோங் சாலையைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வந்திருக்கிறது. தம்பி ராமையாவைப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டுவிட்டது. பின்னங்காலும் இடுப்பெலும்பும் உடைந்துவிட்டன. டவுனில் இருக்கும் மிருக வைத்தியர், கம்பி வைத்து அறுவை செய்தால் பிழைக்கும், இரண்டு நாளைக்குள் செய்ய வேண்டும் என்றாராம். செலவு அக்காவின் நாலு மாதச் சம்பளம். செய்ய முடியாது என்றால் ஊசி போட்டுவிடலாம், வலி தெரியாது என்றும் சொல்லியிருக்கிறார்.

"காப்புறுதி இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றார் அக்கா. "கடுதாசி இன்னும் வரல. வந்திருந்தா கட்டாம இருப்பேனா, கிராணியம்மா?"

நான் பதிவேட்டைப் பிரித்தேன். என் கையெழுத்தில் சிவப்பாக அந்தச் சொல் இருந்தது. பிறகு இழுப்பறையைத் திறந்தேன். கடித உறை அடியில் இருந்தது.

அதை அக்காவிடம் காட்டாமலே இழுப்பறையை மூடினேன். மத்தியானத்துக்குள் தகவல் சொல்கிறேன், நீங்கள் அவரோடு போய் இருங்கள் என்று அனுப்பிவைத்தேன். அவர் அதை நம்பிப் போனார். அந்த நம்பிக்கைதான் என்னை ரொம்பக் குடைந்தது.

5

அந்த வாரம்தான் என் பெர்மிட் கடிதம் லியோங்கின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

பகல் உணவுக்கு என் கணவர் வேலை பார்க்கும் இரும்புக் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நல்லவர், யாருடைய நாய் செத்தாலும் வருத்தப்படுகிறவர். ஆனால் அவர் பயந்தது என்னைப் பற்றி. பெர்மிட் இல்லாமல் போனால் நான் ஊர் திரும்ப வேண்டும். வள்ளியின் படிப்பு இங்கே, அவர் பிழைப்பு இங்கே. லியோங் கையெழுத்துப் போடட்டும், வெள்ளிக்கிழமை சொல்லிக்கொள், இரண்டே நாள்தானே என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாள்தான் நாய்க்கும் இருந்தது.

"நீங்கள் சொல்வது சரிதான்," என்றேன். "ஆனால் வெள்ளிக்கிழமை நான் சொல்வதற்கு அங்கே நாய் இருக்காது."

அவர் தராசுத் தட்டில் இருந்த ஆணிகளைக் காகிதத்தில் கொட்டிக் கட்டினார். பிறகு, குடையை எடுத்துக்கொண்டு போ, மழை வரும் போலிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் இன்னொரு யோசனையும் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கடித உறையைக் கிழித்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. கடிதம் போனது, அவர்கள் கட்டவில்லை, காலாவதி ஆகிவிட்டது. ஒழுங்கான கோப்பு. அலுவலகப் படி ஏறும் வரைக்கும் அந்த யோசனை கூடவே வந்தது.

லியோங்கின் அறைக்குள் போய் உறையை அவர் முன்னால் வைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முதலிலிருந்து சொன்னேன். அவர் உறையைக் கையில் எடுத்தார். உறையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்தார். கோப்பிலிருந்த பாலிசிப் பிரதியைக் கொண்டுவரச் சொல்லி, பின்னால் இருந்த சின்ன எழுத்துகளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர்கள் வீடு மாறியது கடிதம் அனுப்பும் முன்பே இந்த அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா?

"எனக்குத் தெரியும்," என்றேன்.

"அப்படியானால் நிறுவனத்துக்குத் தெரியும்," என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் தம்பியின் உயிர் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பிரீமியத்தை உயர்த்தினால், தெரிந்த முகவரிக்கு அறிவித்த பிறகே அது செல்லும் என்று பாலிசியில் ஒரு விதி இருந்தது. தெரிந்த முகவரியை விட்டுவிட்டுப் பழைய முகவரிக்கு அனுப்பியது எங்கள் தவறு. ஆகவே பாலிசி காலாவதி ஆகவில்லை. என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டதுதான் அவர்களுடைய உரிமைக்குச் சாட்சி. லியோங் தொலைபேசியை எடுத்து மிருக வைத்தியரைக் கூப்பிட்டார். செலவுக்கு இந்தக் கிளை பொறுப்பு என்றார். வைத்துவிட்டு, தலைமை அலுவலகத்துக்கு நீ ஒரு விளக்கம் எழுத வேண்டும், ஒரு வரியும் விடாமல் எழுது என்றார். பெர்மிட் கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

புந்தோங்குக்கு நானே போய்ச் சொன்னேன். ராமையா வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாயின் கழுத்துப் பட்டை மடியில் இருந்தது. என்னால்தான் இப்படி ஆனது என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"நீங்க சொல்லாட்டி எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். "தோட்டத்துல ஜாடி விரிசல் விட்டிருந்தது ஒருத்தருக்குத் தெரியும். அவர் இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

6

தம்பி பிழைத்தது. எலும்பு ஒன்றுசேர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் ராமையாவைப் பட்டறைக்குக் கூட்டிப்போக அஞ்சலை அக்கா தன் ஷிப்டை மாற்றிக்கொண்டார். எங்கள் அலுவலகத்திலோ, பெர்மிட் கடிதம் கடைசி நாள் காலையில்தான் என் மேசைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தது. அந்த வருஷச் சம்பள உயர்வை மட்டும் நிறுத்திவைத்தார்கள். கொடுக்க வேண்டிய விலையைவிட அது குறைவு என்றே இன்றும் நினைக்கிறேன். லியோங் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

நாய் நடக்கத் தொடங்கியபோது அதைத் தினமும் சிறிது தூரம் நடத்த வேண்டும் என்றார் வைத்தியர். ராமையாவால் தனியாக நடத்த முடியாது. அக்காவுக்கு நேரம் இல்லை. வள்ளி தானாக, நான் போறேன் என்றாள். அவளுக்கு நாய் என்றால் உயிர். எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரச் சீனர் நாய் வளர்க்க விடமாட்டார்.

முதல் நாள் போய்விட்டு வந்து அழாத குறையாக நின்றாள். நாய் அவள் சொல்வதைக் கேட்கவே இல்லையாம். இங்கிலீஷில் சொன்னாள், மலாயில் சொன்னாள், அது அப்படியே உட்கார்ந்திருந்ததாம். அதற்குத் தெரிந்தது ராமையாவின் தோட்டத்துத் தமிழ் மட்டும். மறுநாள் முதல் அவள் அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அப்படியே சொன்னாள். "மெல்ல வாலா", "சடக்கு வருது, நில்லு", "போலாம் தம்பி." சடக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தார் ரோட்டுக்கு இங்கே அதுதான் பேர் என்று என் மகள் எனக்கு விளக்கினாள். தமிழில் நான் அவளிடம் கற்றுக்கொண்ட முதல் சொல் அது.

நாய் குணமான பிறகும் சனிக்கிழமைகளில் அவள் அங்கே போவதை நிறுத்தவில்லை. அவளுடைய தமிழ் என்னுடையது போல இல்லை. 'வருகிறேன்' என்று நான் எதிர்பார்க்கும் இடத்தில் 'வாரேன்' என்பாள். அண்ணன் கேட்டால் முகம் சுளிப்பார். எனக்கு முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிறகு, வீடு நிறையப் பேச்சு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஒற்றை வார்த்தையாக இருந்த பிள்ளை இன்றைக்குச் சோறு ஆறும் வரைக்கும் பேசுகிறாள்.

7

பிரீமியம் மட்டும் யாருக்காகவும் நிற்கவில்லை. விபத்துக்குப் பணம் வாங்கிய நாய் என்பதால் அடுத்த ஆண்டு தொகை அறுபதைத் தாண்டியது. அந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் நானே கொண்டுபோய், இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தமிழில் படித்தேன். கட்டினார்கள். அதற்கு அடுத்த ஆண்டும் கட்டினார்கள். இந்த ஆண்டு தொகையும் ஏறி, எட்டு வயதைத் தாண்டிய நாய்க்கு அறுவைச் செலவு கிடையாது என்று ஒரு புதிய விதியும் வந்துவிட்டது. காசு கூடுதல், காப்பு குறைவு. அதை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அஞ்சலை அக்காவே எனக்கு வழிவிட்டார். "இந்த வருசம் நிறுத்திக்கலாம்னு இருக்கோம் மீனா. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காதே," என்றார். அந்த வைத்தியர் தம்பியை எப்போது வேண்டுமானாலும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறாராம், முடிந்தபோது கொடுத்தால் போதும் என்றாராம். பட்டறைக்காரத் தவுக்கேயும், அதாவது சீன முதலாளியும், ராமையாவைத் தன் வேனிலேயே ஏற்றிக்கொள்கிறார். காப்புறுதியை நிறுத்தலாம் என்று யோசித்த பிறகுதான், இத்தனை பேர் கூட இருக்கிறார்கள் என்று தெரிந்ததாக ராமையா சொன்னார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் நிறுவனத்தையும் சேர்த்துத்தான் சொன்னார். ஒரு நாயின் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த காகிதத்தைப் பற்றி அவர் மரியாதையாகவே பேசினார். பழைய பாலிசிகளை எல்லாம் அதே பிளாஸ்டிக் பையில், சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

8

போன வாரம், யாரும் எதிர்பாராமல், என் விண்ணப்பக் கோப்பு அசைந்தது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு என்னை நன்றாக அறிந்த குடிமக்கள் இரண்டு பேர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று கடிதம் வந்தது. ஒருவர் லியோங். அவர் முதல் நாளே போய்க் கையெழுத்திட்டுவிட்டார். இரண்டாவது ஆள் யார் என்று என் கணவர் கேட்டார். கடை முதலாளியைக் கேட்கலாமா, கோயில் செயலாளரைக் கேட்கலாமா என்று அவர் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும்போதே நான் செருப்பைப் போட்டுக்கொண்டு மூன்றாவது தெருவுக்குப் போய்விட்டேன்.

அஞ்சலை அக்கா அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், குடிமக்களுக்கு மட்டும் கொடுக்கும் நீல அடையாள அட்டை வைத்திருப்பவர். அரை நாள் ஷிப்டை விட்டுவிட்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். அரசாங்க அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று நான் அவருக்கு மலாயில் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். எனக்கு அவரைவிட நன்றாக மலாய் வரும் என்று நினைத்தது என் அறியாமை. அவர் என் உச்சரிப்பை இரண்டு முறை திருத்தினார்.

எங்களைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இளம் மலாய் அதிகாரி ஒருவர். எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டார். பத்து வருஷத்துக்கு மேல் என்றார் அக்கா. பாரத்தில் அடுத்த கட்டம், என்ன உறவு என்பது. சொந்தமா என்று கேட்டார் அதிகாரி. இல்லை. ஒரே ஊரிலிருந்து வந்தவர்களா? இல்லை. ஒரே இடத்தில் வேலையா? அதுவும் இல்லை. பிறகு எப்படித் தெரியும் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அஞ்சலை அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். நான் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் விட்டுவிட்டார்.

"டியா தோலோங் அஞ்சிங் சாயா," என்றார்.

இவள் என் நாய்க்கு உதவினாள் என்று அதற்கு அர்த்தம். பதினாலு வருஷமாகக் காத்திருந்த விண்ணப்பம், ஒரு நாயின் பேரில் போகப்போகிறது என்று நினைத்தேன். அதிகாரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. எப்படி உதவினாள் என்று கேட்டார். அக்கா சொல்ல ஆரம்பித்தார். கண் போனது, லயத்தை விட்டது, மோட்டார் சைக்கிள், கடித உறை, ஆறு வாரம், வள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள்கூடக் கிட்ட வந்து கேட்டார்கள். அதிகாரி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். நாய் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கொஞ்சம் நொண்டுகிறது, ஆனால் பஸ் நிறுத்தம் வரைக்கும் போகிறது என்றார் அக்கா.

அதிகாரி பேனாவை எடுத்து, உறவு என்ற அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினார். பாரத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். 'கவான்' என்று எழுதியிருந்தது. தோழி.

அதன் கீழே அஞ்சலை அக்கா, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.